ஸ்கேனுக்குப் பிறகு என்ன? அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை: ஒரு நிகழ்வு ஆய்வு

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்க்குக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்ன உறை இருக்கும். காப்பித் தூள், பால் பொடி, சர்க்கரை, உப்பு, சூயிங்கம், தீக்குச்சி, கழிப்பறைக் காகிதம், அப்புறம் நான்கு சிகரெட். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஓர் உறை. மூன்று வேளையும் அந்தப் பெட்டியையே பிரித்துச் சாப்பிட்டவருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட் அரசாங்கச் செலவிலேயே கையில் வந்து விழுந்தது. அதுவரை புகை பிடிக்காத பையனும் காட்டுக்குள் பயத்திலும் சலிப்பிலும் பற்ற வைத்தான். 1975-ல்தான் ராணுவ உணவுப் பெட்டியிலிருந்து சிகரெட்டை எடுத்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறைக்கே பழக்கம் ஊறிப்போயிருந்தது.

1968-ல் 19 வயதில் வியட்நாம் போனவருக்கு 2013-ல் 64 வயது. அந்த 2013 ஜூலையில்தான் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை எட்டு ஊர்களில் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒரு முன்மாதிரித் திட்டமாகத் தொடங்கியது. துறையின் பெயர் வெட்டரன்ஸ் அஃபேர்ஸ். எல்லோரும் வி.ஏ. என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அங்கே ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களின் சராசரி வயது 64.9. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சின்ன உறைதான் ஞாபகம் வந்தது.

இந்தத் திட்டத்தை ஒரு நோயாளியின் கோப்பைப் படிப்பதுபோல் ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்க்கலாம். நுரையீரல் ஸ்கேனைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இயந்திரத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விடுகிறோம். ஸ்கேன் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது, யார் யாருக்குப் போன் செய்கிறார்கள் என்பதில்தான் உயிர் நிற்கிறது. வி.ஏ.வின் அனுபவம் இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

முன்கதை

நுரையீரல் புற்றுநோய் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நுரையீரலுக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. கட்டி விலா எலும்பையோ மூச்சுக்குழாயையோ தொட்டு, இருமலில் ரத்தம் வந்து, எடை இறங்கிய பிறகுதான் மனிதர் டாக்டரிடம் போவார். அதற்கு முன்பே பிடித்துவிட முடியுமா என்று 1970-களில் மார்பு எக்ஸ்ரேயை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தன. எக்ஸ்ரேயில் கட்டிகள் கூடுதலாகத் தெரிந்தன, சாவு மட்டும் குறையவில்லை. அதன் பிறகு நீண்ட காலம் இந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் வந்தபின் கதை மாறியது. 2002 முதல் 2004 வரை அமெரிக்காவில் 53,454 பேரைச் சேர்த்தார்கள். 55 முதல் 74 வயதுக்குள் இருப்பவர்கள், குறைந்தது 30 பாக்கெட்-வருடம் புகைத்தவர்கள். ஒரு நாளைக்கு இருபது சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் அது ஒரு பாக்கெட்-வருடம். பாதிப் பேருக்குச் சிடி, பாதிப் பேருக்கு எக்ஸ்ரே, வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை. 2011-ல் முடிவு வந்தது. சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்திருந்தது. வேறு விதமாகச் சொன்னால், சுமார் 320 பேரைப் பரிசோதித்தால் ஒருவர் அந்தச் சாவிலிருந்து தப்பினார். 2020-ல் நெதர்லாந்து-பெல்ஜியம் ஆய்வும் வெளிவந்தது. அங்கே பத்து வருடக் கணக்கில் ஆண்களிடம் 24 சதவீதம் குறைவு.

அமெரிக்க ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று சுற்றுகளையும் சேர்த்துச் சிடி ஸ்கேன்களில் நாலில் ஒரு பங்கில் 'சந்தேகம்' என்று முடிவு வந்தது. அந்தச் சந்தேகங்களில் 96.4 சதவீதம் புற்றுநோயே இல்லை. ஒருவரைக் காப்பாற்ற எத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்கிறோம் என்ற கேள்வி அப்போதிருந்தே கூட வருகிறது.

வி.ஏ.வுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. அதன் மருத்துவமனைகளில் வருடத்துக்குச் சுமார் 8,000 முன்னாள் படைவீரர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பரிசோதனைக்குத் தகுதியானவர்கள் சுமார் 9 லட்சம் பேர் இருப்பார்கள் என்று துறையே கணக்குப் போட்டது. சிகரெட் மட்டும் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வியட்நாமில் 1962 முதல் 1971 வரை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லி, கப்பல்களின் அடித்தளத்தில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ், பின்னாளில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் எரிந்த குப்பைக் குழிகள் என்று வரிசை நீளும்.

எட்டு ஊர்கள், 93,033 பேர்

ஆன் ஆர்பர், சார்ல்ஸ்டன், சின்சினாட்டி, டர்ஹம், மினியாபொலிஸ், நியூயார்க், போர்ட்லாண்ட், சான் பிரான்சிஸ்கோ. இந்த எட்டு ஊர் வி.ஏ. மருத்துவமனைகளிலும் 2015 ஜூன் வரை திட்டம் நடந்தது. வழக்கமான சோதனைக்கு வந்த 93,033 பேரின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

முதல் முட்டுக்கட்டை ஸ்கேன் அறைக்கு வெகுதூரம் முன்பே வந்தது. வி.ஏ.வில் கணினிப் பதிவேடு வெகுகாலமாகவே உண்டு, பெயர் பெற்றதும் கூட. ஆனால் அதில் 'புகைப்பவர், விட்டவர், புகைக்காதவர்' என்றுதான் இருந்தது. எத்தனை பாக்கெட், எத்தனை வருடம், எப்போது விட்டார் என்று கணக்கிடும்படியாக இல்லை. அது தெரியாமல் யாருக்குத் தகுதி என்று எப்படிச் சொல்வது? ஆகவே நர்ஸ்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டியிருந்தது. புகைத்ததைப் பற்றிக் கேட்டாலே முகம் இறுகிவிடும் ஒரு மனிதரிடம், 'ராணுவத்தில் இருந்தப்போ ஒரு நாளைக்கு எத்தனை சார்?' என்று பக்குவமாகக் கேட்டு வாங்க வேண்டிய வேலை அது. கண்டுபிடிப்பு என்று யாரும் இதைக் கொண்டாடுவதில்லை. ஆனால் திட்டத்தின் அஸ்திவாரமே இந்தக் கேள்விதான்.

இப்படி வடிகட்டியதில் 4,246 பேருக்குத் தகுதி தேறியது. சம்மதித்தவர்கள் 2,452 பேர். நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். தூரம் ஒரு காரணமாக இருந்திருக்கும், ஏனென்றால் அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் கால்வாசிப் பேர் கிராமப்புறங்களில் வசிப்பவர்கள். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற விரக்தியும் இருந்திருக்கும். நம் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்ட பேச்சுதானே அது. கடைசியில் ஸ்கேன் எடுத்தவர்கள் 2,106 பேர். அதில் 2,028 பேர் ஆண்கள், 78 பேர் பெண்கள்.

இனி முடிவுகள். 2,106 பேரில் 1,257 பேருக்கு நுரையீரலில் சிறு கட்டி தெரிந்தது. பத்தில் ஆறு பேர்! அவர்களில் 1,184 பேரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருந்தது. 42 பேருக்கு மேல்சோதனைகள் செய்து புற்று இல்லை என்று உறுதியானது. 31 பேருக்குப் புற்றுநோய். அந்த 31-ல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் கட்டத்திலேயே இருந்தது, அதாவது குணப்படுத்த வாய்ப்புள்ள நிலையில்.

கட்டி என்ற சொல்லைக் கேட்டவர்களில் 97.5 சதவீதம் பேருக்குப் புற்று இல்லை. இதைப் பார்த்துவிட்டுப் பல மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஊருக்கு ஊர் வித்தியாசமும் பயங்கரமாக இருந்தது. ஒரு மருத்துவமனையில் 30.7 சதவீதம் பேருக்குக் கட்டி, இன்னொன்றில் 85 சதவீதம் பேருக்கு. எவ்வளவு சிறியதைக் குறித்து வைப்பது என்பதில் ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் ஒவ்வொரு ரேடியாலஜிஸ்டுக்கும் ஒரு பழக்கம். போதாததற்கு ஊரின் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் படுகைகளில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை மண்ணிலேயே இருக்கிறது. அதைச் சுவாசித்தவர்களின் நுரையீரலில் சின்னச் சின்னத் தழும்புகள் விழும், ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரியும். நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பு செய்கிற வேலையை அங்கே இந்தப் பூஞ்சை செய்கிறது.

நுரையீரலைப் பார்க்கப் போய் வேறு எதையெதையோ பார்த்ததும் உண்டு. 857 பேருக்கு, அதாவது நூற்றுக்கு நாற்பது பேருக்கு, எம்ஃபிஸீமா என்ற நுரையீரல் சிதைவு, இதய ரத்தக் குழாயில் சுண்ணாம்புப் படிவு போன்ற தேடாத விஷயங்கள் கிடைத்தன. சில உபயோகமானவை. சில வெறும் அலைச்சல்.

ஏழு மில்லிமீட்டர்

இதையெல்லாம் எண்களாகவே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு விஷயம் பிடிபடாது. ஒரு மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, அளவுகளும் விதிகளும் உண்மை.

அவருக்கு 66 வயது. ஸ்கேன் அறையில் படுக்கிறார். ஊசி இல்லை, பட்டினி கிடக்க வேண்டியதில்லை, சட்டையைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை என்று பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். 'மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க' என்கிறார் டெக்னீஷியன். படுக்கை வளையத்துக்குள் நகர்கிறது. சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. உடம்பில் ஏறிய கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவர்ட். அமெரிக்காவில் ஒருவர் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒரு வருடத்தில் வாங்குவதில் ஏறக்குறைய பாதி.

படத்தில் வலது நுரையீரலின் மேல் பகுதியில், அதாவது மேல் மடலில், 7 மில்லிமீட்டரில் ஒரு திடக் கட்டி. ஒரு பட்டாணி அளவு. ஊசி போட்டு எடுக்க அது சிறியது. நுரையீரலில் ஊசி குத்தினால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்தும் உண்டு. இந்த அளவுக்கு விதி சொல்வது இதுதான்: ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.

ஆறு மாதம். இந்தச் சொல்லை அவரிடம் யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். 'கட்டி இருக்கு, ஆனா ஆறு மாசம் சும்மா இருங்க' என்றால் எந்த மனிதருக்குத் தூக்கம் வரும்? வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்வார்? சிலர் பயந்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடி, சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியைத் தேவையில்லாமல் செய்துகொள்வார்கள். சிலர் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம் போல என்று எடுத்துக்கொண்டு திரும்பி வரவே மாட்டார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

சரி, நம்மாள் திரும்பி வருகிறார். இப்போது 9 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கட்டி உருண்டையானது, விட்டம் 7-லிருந்து 9-க்குப் போனால் கன அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆறு மாதத்தில் இரட்டிப்பாவது தழும்பு செய்கிற வேலை இல்லை. இனி காத்திருப்பு முடிந்தது. பெட் ஸ்கேன், பயாப்ஸி, அறுவை நிபுணர் என்று வேகம் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பார்க்க முடிந்தது அவர் திரும்பி வந்ததால். அவர் திரும்பி வந்தது ஒருவர் போன் செய்ததால்.

பட்டியலை வைத்திருப்பவர்

முன்மாதிரித் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார், அநேகமாக நர்ஸ். 1,184 பேரை எட்டு ஊருக்கு வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 150 பேர். யாருக்கு மூன்று மாதம், யாருக்கு ஆறு மாதம், யாருக்கு ஒரு வருடம் என்று பார்த்து, விலாசம் மாறியவரைத் தேடி, வராதவரை மறுபடி அழைக்க வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் ஸ்கேன் இயந்திரத்தை மட்டும் வாங்கி வைத்தால் பயத்தை விநியோகிப்பதாகத்தான் முடியும். வி.ஏ. தலைமையகமே அந்த ஆய்வின் முடிவில் ஒத்துக்கொண்ட விஷயம், இதை நாடு முழுக்கக் கொண்டுபோவது சிக்கலான வேலை, ஆளும் கருவியும் நிறைய வேண்டும் என்பதுதான்.

அடுத்த முயற்சி அந்தப் பாடத்திலிருந்தே தொடங்கியது. பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்ற மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளையின் நிதியில் பத்து வி.ஏ. மருத்துவமனைகளில் வி.ஏ.-பால்ஸ் என்ற கூட்டுத் திட்டம் வந்தது. அட்லாண்டா, சிகாகோ, டென்வர், ஃபிலடெல்ஃபியா, ஃபீனிக்ஸ் போன்ற ஊர்கள். நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் மென்பொருளை இலவசமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த நிரலாக உருவாக்கினார்கள். அதன் அடிப்படை நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் கிளாடியா ஹென்ஷ்கேயும் டேவிட் யாங்கெலெவிட்ஸும் வழிநடத்திய, ஸ்கேன் பரிசோதனையை ஆராயும் ஐ-எல்கேப் குழுவின் பல வருட அனுபவம். அந்தக் குழு 2006-லேயே, ஸ்கேனில் முதல் கட்டத்தில் பிடிபட்டவர்களுக்குப் பத்து வருட உயிர்வாழ்வு 88 சதவீதம் என்று மதிப்பிட்டு எழுதியிருந்தது.

இன்னொரு பக்கம், வீண் சந்தேகத்தைக் குறைக்கும் வேலையும் நடந்தது. 2014-ல் அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர்களின் அமைப்பு லங்-ராட்ஸ் என்ற பொது அளவுகோலைக் கொண்டுவந்தது. பழைய ஆய்வில் 4 மில்லிமீட்டர், அதாவது ஒரு மிளகு அளவு இருந்தாலே சந்தேகம். புதிய அளவுகோலில் முதல் ஸ்கேனில் திடக் கட்டி 6 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் கணக்கு. இந்த விதியைப் பழைய 53,454 பேர் ஆய்வின் படங்களுக்குப் பொருத்திப் பார்த்தபோது முதல் சுற்றின் வீண் சந்தேகம் 26.6 சதவீதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்தது. கோட்டை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தியதில் பாதிப் பேரின் ராத்தூக்கம் திரும்பக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். புதிய கோட்டில் சில புற்றுகள் கொஞ்சம் தாமதமாகத் தெரியும் என்பதும் உண்மை. இருந்தாலும் இது சரியான பேரம் என்றே நான் நினைக்கிறேன்.

தகுதி வரம்பும் அகன்றது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2013-ல் 55 முதல் 80 வயது, 30 பாக்கெட்-வருடம் என்று வைத்திருந்தது. 2021 மார்ச்சில் அது 50 வயது, 20 பாக்கெட்-வருடம் என்று இறங்கியது. விட்டு 15 வருடம் ஆகியிருந்தால் தகுதி இல்லை என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நின்றது. 2023 நவம்பரில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் பரிந்துரையில் அந்த நிபந்தனையையும் எடுத்தது. போரில் கற்று, பேரப்பிள்ளை பிறந்தபோது விட்டுவிட்ட தாத்தாக்களுக்கு இது பெரிய விஷயம்.

52-ம் 27-ம்

இதனால் பலன் கிடைத்ததா? 2011 முதல் 2018 வரை வி.ஏ.வில் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 57,919 பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு 2024-ல் வந்தது. அத்தனை பேரில் முன்பே பரிசோதனை ஸ்கேன் எடுத்திருந்தவர்கள் 2,167 பேர்தான், நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு நோய் முதல் கட்டத்தில் பிடிபட்டது, மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான். நான்காம் கட்டத்தில் பிடிபட்டவர்கள் இங்கே 11 சதவீதம், அங்கே 32. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 50.2 சதவீதமும் 27.9 சதவீதமும்.

இந்தக் கடைசி ஜோடியைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். ஒருவர் 70 வயதில்தான் இறக்கப்போகிறார் என்று வையுங்கள். நோயை 68-ல் கண்டுபிடித்தால் இரண்டு வருடம் பிழைத்தார் என்பார்கள், 64-ல் கண்டுபிடித்தால் ஆறு வருடம் பிழைத்தார் என்பார்கள். ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை, கண்டுபிடித்த தேதிதான் முன்னால் போயிருக்கிறது. அதோடு, தானாக ஸ்கேனுக்கு வருகிறவர் பொதுவாகவே உடம்பைக் கொஞ்சம் கவனிப்பவராக இருப்பார். ஆகவே உயிர்வாழ்வு எண்ணை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்லிவிட முடியாது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த பழைய ஆய்வில் சாவே 20 சதவீதம் குறைந்தது என்பதுதான் இதற்குப் பின்னால் நிற்கும் உறுதியான தூண். வி.ஏ. பதிவுகள் சொல்வது, அந்தப் பலன் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, சாதாரண மருத்துவமனையிலும் அதே திசையில் போகிறது என்று. எனக்கு அதைவிட உறுத்துவது அந்த 'நூற்றுக்கு நான்கு' என்ற எண்.

பிடித்த பிறகு

முதல் கட்டத்தில் பிடித்தால் வழக்கமான வழி அறுவை. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. 1995-லிருந்து ஒரு முழு மடலையே எடுப்பதுதான் சரி என்று இருந்தது. 2022-ல் ஜப்பானிலும் 2023-ல் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகள், ஓரத்தில் இருக்கும் 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டின. புகைத்துப் புகைத்து ஏற்கெனவே பாதி நுரையீரலில் மூச்சு விடுகிறவருக்கு, மிச்சம் வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேனில் முன்கூட்டியே பிடிபடுவதும் இந்த மாதிரிச் சின்னக் கட்டிதான். ஒன்றுக்கொன்று பொருந்துகிற முன்னேற்றங்கள் இவை.

ஆனால் அறுவைக்கு நாள் தள்ளினால்? வி.ஏ.வில் முதல் கட்ட நோய்க்கு அறுவை செய்துகொண்ட 9,904 பேரைப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. 12 வாரத்துக்கு மேல் தாமதமானவர்களுக்கு நோய் திரும்பி வருவதும் சாவும் கூடியிருந்தன. பெட் ஸ்கேனுக்கு ஒரு தேதி, இதய டாக்டரிடம் ஒரு தேதி, மூச்சுச் சோதனைக்கு ஒரு தேதி என்று ஓடினால் 12 வாரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இங்கேயும் பட்டியலை வைத்திருப்பவர்தான் தேவைப்படுகிறார்.

அறுவை தாங்காத உடம்பு பலருக்கு. அவர்களுக்குக் கட்டியின் மேல் மட்டும் கூர்மையாகக் குவித்து, சில தடவைகளிலேயே முடித்துவிடும் கதிர்வீச்சு சிகிச்சை இருக்கிறது. அறுவை தாங்கக்கூடியவருக்கும் அது சமமாக வேலை செய்யுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி முன்பு தொடங்கிய ஆய்வுகள் ஆள் சேராமலேயே மூடப்பட்டன. வி.ஏ. 2017-ல் வேலர் என்ற பெயரில் 670 பேரை இலக்காக வைத்து அதையே மறுபடி தொடங்கியது. பொறுமை வேண்டிய வேலை. ஒரே கூரைக்குக் கீழ் அறுவையும் கதிர்வீச்சும் பல வருடக் கண்காணிப்பும் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருந்துகளில் நடந்த மாற்றம் தனியாக எழுதவேண்டிய அளவுக்குப் பெரிது, இரண்டு மூன்றை மட்டும் தொட்டுப் போகிறேன். அறுவைக்கு முன்பே கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தையும் கொடுத்தபோது, வெட்டி எடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணுவே மிஞ்சாதவர்கள் 24 சதவீதம். வெறும் கீமோவில் அது 2.2 சதவீதம்தான். 2022 மார்ச்சில் இதற்கு அனுமதி கிடைத்தது. அறுவை செய்ய முடியாத மூன்றாம் கட்டத்தில் கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் பிறகு அதே வகை மருந்தான துர்வாலுமாப் கொடுத்ததில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 42.9 சதவீதம், கொடுக்காதவர்களில் 33.4. இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தால் அதே கணக்கு 88 சதவீதம், கொடுக்காவிட்டால் 78. இந்த மாற்றம் புகைக்காதவர்களிடம்தான் அதிகம், பழைய சிப்பாய்களிடம் அதிகம் தென்படுவது கேராஸ் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம். அதில் ஒரு வகைக்கு 2021 மே மாதத்தில் சோடோராசிப் என்ற மருந்து வந்தது. கேராஸை மருந்தால் தொடவே முடியாது என்று எத்தனையோ வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

எந்த மரபணு மாற்றம் என்று பார்த்தால்தானே எந்த மருந்து என்று தெரியும்? அந்தச் சோதனை பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. 2016-ல் வி.ஏ. நாடு தழுவிய மரபணுச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 2021-ல் அதன் கிளையாக நுரையீரலுக்கென்றே ஒரு திட்டம் வந்தது. பரிசோதனை ஸ்கேனையும் மரபணுச் சோதனையையும் மருந்து ஆய்வுகளையும் ஒரே சங்கிலியில் கோத்து, பெரிய மையங்களைச் சின்ன ஊர் மருத்துவமனைகளோடு இணைக்கும் ஏற்பாடு.

இத்தனை வேகத்தில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. பழைய ஆய்வின் எண்களை வைத்தே கணக்கிட்டதில், சிகரெட்டை விட்டு ஏழு வருடம் தாக்குப்பிடித்தவரின் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஆபத்தும் 20 சதவீதம் குறைந்தது. ஸ்கேன் தந்த அதே 20. ஸ்கேனுக்கு வந்து பயந்து உட்கார்ந்திருக்கும் நேரம்தான் விடுவதைப் பற்றிப் பேச நல்ல நேரம்.

கணக்கில் வராத புகை

ஹீத் ராபின்சன் ஒஹையோ தேசியக் காவல் படையில் சார்ஜென்ட். கொசோவோவிலும் ஈராக்கிலும் மருத்துவப் பணியாளராக இருந்தவர். பாக்தாத் அருகே அவர் இருந்த முகாமின் பக்கத்திலேயே குப்பைக் குழி எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு, பெயின்ட் டப்பா, எல்லாவற்றையும் விமான எரிபொருள் ஊற்றிக் கொளுத்துவார்கள். ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து நுரையீரல் புற்றுநோய். 2020 மே மாதம் இறந்தபோது அவருக்கு 39 வயது. 2022 ஆகஸ்ட் 10-ல் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட பாக்ட் சட்டம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட இடங்களில் பணியாற்றியவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால், போரால்தான் வந்தது என்று அவர் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏஜென்ட் ஆரஞ்ச் விஷயத்தில் வியட்நாம் சிப்பாய்களுக்கு இந்த நியாயம் கிடைக்கப் போர் முடிந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆனது.

நியாயம்தான், ஆனால் நோய் வந்த பிறகு கிடைக்கிற நியாயம். 2021-ன் தகுதி வரம்பு மூன்றையே கேட்கிறது: வயது, பாக்கெட்-வருடம், விட்டு எத்தனை வருடம். ராபின்சனை அந்த வரம்பில் நிறுத்திப் பாருங்கள். முதல் கேள்வியிலேயே, வயதிலேயே, வெளியே போய்விடுவார்.

எரிகுழிப் பக்கம் இருந்த முப்பது வயதுக்காரர்கள் எல்லோரையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இளம் வயதில் புற்று அரிது. 97.5 சதவீத வீண் சந்தேகம் அந்தக் கூட்டத்தில் இன்னும் கூடும், வருடா வருடம் ஏறும் கதிர்வீச்சையும் பல பத்தாண்டுகளுக்கு அவர்கள் சுமக்க வேண்டும். ஆனால் 48 வயது, 15 பாக்கெட்-வருடம், ஈராக்கின் பலாட் தளத்தில் ஒரு வருடம் என்று ஒருவர் வந்தால்? புகைத்த கணக்கில் ஐந்து குறைவு, வயதில் இரண்டு குறைவு. அவர் சுவாசித்த மற்ற புகைக்குப் பூஜ்ஜியம் மதிப்பெண். வயது, புகை, குடும்பத்தில் நோய், மூச்சு நோய், பணியிடம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்தை மதிப்பிடும் முறைகள் இருக்கின்றன. முன்மாதிரித் திட்டத்தின் எண்களை வைத்து ஆபத்து வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதே, ஆபத்து கூடியவர்களுக்குத்தான் பலன் மிக அதிகம், ஒருவரைக் காப்பாற்ற ஆகும் வீண் அலைச்சலும் மிகக் குறைவு என்று தெரிந்துவிட்டது. தகுதி என்ற ஒரே கோட்டுக்குப் பதிலாக அந்த வழியில் போவதே வி.ஏ.வுக்கு ஏற்றது என்று நம்புகிறேன்.

பாக்ட் சட்டத்துக்குப் பிறகு 2022 நவம்பரிலிருந்து, வி.ஏ.வில் பதிவு செய்த ஒவ்வொருவரிடமும் நச்சுப்பொருள் பற்றிக் கேட்கிறார்கள், ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது. எரிகுழி அருகே இருந்தீர்களா, ஏஜென்ட் ஆரஞ்ச் தெளித்த இடத்தில் இருந்தீர்களா, வேறு எதையாவது சுவாசித்தீர்களா. நர்ஸ் கேட்டு எழுதுகிறார். 2013-ல் பாக்கெட்-வருடத்தை எப்படி ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார்களோ, அதே மாதிரி. அந்தப் பதில்கள் இப்போது பதிவேட்டில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.